ஏற்றம் முதல் எலிப்டிகல் வரை: கொங்கு நாட்டில் உடலுழைப்பும் உடற்பயிற்சியும்

எலிப்டிகல் என்பது நின்றபடியே இரு கால்களாலும் இரு கைகளாலும் இயக்கும் உடற்பயிற்சி இயந்திரம். இதன் மிதிகள் நீள்வட்டப் பாதையில் சுற்றி வருவதால் இப்பெயர் வந்தது. தமிழில் நீள்வட்டப் பயிற்சி இயந்திரம் எனலாம். 1995-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த இந்த இயந்திரத்தை இன்று கோயம்புத்தூரின் உடற்பயிற்சிக் கூடங்களிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், வசதியுள்ள வீடுகளின் மாடியறைகளிலும் காணலாம். உடல் எடையைக் குறைக்கவும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும், மூட்டுக்கு அதிர்ச்சி கொடுக்காமல் பயிற்சி செய்யவும் மக்கள் இதை நாடுகிறார்கள்.

ஆனால் கொங்கு நாட்டில் இந்த இயந்திரத்தின் கதையை 1995-ல் தொடங்க முடியாது. உடலை வருத்தும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதையே தொழிலாக்கி வளர்ந்த ஊர் கோவை. கிணற்றுக்கு மோட்டாரையும் அடுக்களைக்கு கிரைண்டரையும் நாட்டுக்குச் செய்து கொடுத்த அந்த ஊர், இரண்டு தலைமுறை கழித்து, உடலை அசைப்பதற்கென்றே ஓர் இயந்திரத்தை விலை கொடுத்து வாங்குகிறது. இடையில் நடந்தவற்றைப் பார்த்தால்தான் இந்த இயந்திரம் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது விளங்கும்.

கிணற்றடி, தறிக்குழி, ஆட்டாங்கல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் கொங்குச் சமவெளியில் வேளாண்மை பெரிதும் கிணற்றை நம்பியே நடந்தது. 1887-ல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய எப். ஏ. நிக்கல்சன் காலத்திலும் இதுவே நிலை. ஆழக் கிணறுகளில் கவலை ஓட்டினார்கள். மாடுகள் சரிவான தடத்தில் இறங்கும்போது வடம் இழுபட்டுத் தண்ணீர்ப் பறி மேலே வரும். திரும்பப் பின்னேறும்போது பறி கிணற்றுக்குள் இறங்கும். ஓட்டுபவர் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை மாட்டுடன் ஏறியும் இறங்கியும் நடந்துகொண்டிருப்பார்.

நீர்மட்டம் மேலாக இருந்த இடங்களில் ஏற்றம் இருந்தது. நீண்ட மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, அவர் உடல் எடையால் ஒரு முனை தாழ்ந்து மறுமுனையில் தொங்கும் சால் நீரோடு எழும். ஏற்றம் மிதிப்பவரின் கால் வேலையைக் கவனித்தால், எலிப்டிகல் மேல் நிற்பவருக்கு நெருங்கிய முன்னோர் அவர்தான் என்று தோன்றும். இருவரும் நடக்கிறார்கள், இருவரும் எங்கும் போவதில்லை. எத்தனை சால் இறைத்தோம் என்பதை எண்ணிக்கொள்ள ஏற்றப்பாட்டு இருந்தது. இன்றைய இயந்திரத்தில் அந்த வேலையைச் சிறு திரை செய்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: ஏற்றத்தின் கணக்கு வயலுக்குப் போன நீரின் கணக்கு, திரையின் கணக்கு உடலை விட்டுப்போன ஆற்றலின் கணக்கு.

கையும் காலும் சேர்ந்து இயங்கும் இன்னொரு வேலை நெசவு. பவானி, சென்னிமலை, சிறுமுகை, நெகமம் ஆகிய ஊர்களின் குழித்தறிகளில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் இருக்கும் மிதிகளைக் கால்களால் மாற்றி மாற்றி அழுத்துவார். கைகள் நாடாவை ஓட்டிப் பலகையை அடிக்கும். வீட்டுக்குள் பெண்களுக்கு ஆட்டாங்கல்லும் அம்மியும் உரலும் திருகையும் காத்திருந்தன. இட்லிக்கு மாவாட்டுவது தோள், முதுகு, இடுப்பு மூன்றையும் வாங்கும் வேலை.

‘அந்தக் காலத்தில் இப்படி உழைத்ததால்தான் நோயில்லாமல் வாழ்ந்தார்கள்’ என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. சர்க்கரை நோயும் மாரடைப்பும் உழைப்பாளிகளிடம் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் முதுகு வளைந்து, மூட்டு தேய்ந்து, பஞ்ச காலத்தில் முதலில் விழுந்தவர்களும் அவர்களே. குழித்தறியில் ஆயுள் முழுக்க உட்கார்ந்த நெசவாளருக்கு முதுகுவலி ஓய்வு நாளிலும் விட்டுப்போகவில்லை. உழைப்பு உடலுக்கு வலுவூட்ட வேண்டுமானால் அதற்குப் போதிய உணவும் ஓய்வும் வேண்டும். நிறுத்திக்கொள்ளும் உரிமையும் வேண்டும்.

செக்கும் மிதிசக்கரமும்

நிறுத்தும் உரிமை இல்லாத உழைப்பு எப்படி இருக்கும் என்பதற்குக் கோவையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1908-ல் தண்டிக்கப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர்ச் சிறையில் அடைக்கப்பட்டு 1910 இறுதி வரை அங்கே இருந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கை அங்கே அவரை இழுக்க வைத்தார்கள். சுற்றிச் சுற்றி வரும் அந்த நடையில் நாள்தோறும் அவர் செலவிட்ட ஆற்றல் இன்றைய எந்த உடற்பயிற்சிக் கூடத்து வாடிக்கையாளரும் செலவிடாதது. அவர் உடல் அதனால் தேறவில்லை, சிதைந்தது.

டிரெட்மில் என்ற சொல்லின் வேரும் சிறைதான். இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818-ல் கைதிகளுக்கென மிதிசக்கரத்தை வடிவமைத்தார். பெரிய உருளையின் படிகளில் கைதிகள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பார்கள். படி கீழே போய்க்கொண்டே இருக்கும். சில இடங்களில் அது தானியம் அரைத்தது. சில இடங்களில் எதையும் அரைக்காமல் வெறுமனே சுழன்றது. 1895-ல் கடுங்காவல் பெற்ற எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் இதில் ஏறியவர். 1898-ல் வந்த சிறைச் சட்டத்துக்குப் பின் அது கைவிடப்பட்டது. தண்டனைக் கருவியின் பெயர் அடுத்த நூற்றாண்டில் உடல்நலக் கருவிக்கு வந்து சேர்ந்தது. அசைவு ஏறக்குறைய அதேதான். எப்போது இறங்குவது என்று முடிவு செய்பவர்தான் மாறிவிட்டார்.

தேகப்பயிற்சி சாலைகள்

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம், மல்லுக்கட்டு ஆகியவை தமிழகத்தில் நெடுநாளாக இருந்த பயிற்சிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றோடு ஐரோப்பிய உடற்கட்டுப் பயிற்சியும் கலந்தது. அதற்குப் பெரிதும் காரணமானவர் யூஜின் சாண்டோ (1867–1925). பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்த இவர், தசைகளைக் காட்சிப்பொருளாக்கி உலகம் சுற்றியவர். 1904–05-ல் இந்தியாவுக்கும் வந்தார். அவர் விற்ற டம்பெல்களைவிட அவர் பெயர் வேகமாகப் பரவியது. உடற்கட்டு உள்ளவரைச் சாண்டோ என்றே அழைக்கத் தொடங்கினார்கள். கையில்லாத பனியனுக்கு ஒட்டிக்கொண்ட சாண்டோ என்ற பெயரும் இவருடையது என்றே கொள்ளப்படுகிறது. 1920களில் பனியன் தொழில் தொடங்கிய திருப்பூர் அந்தச் சாண்டோ பனியனை நாடெங்கும் அனுப்பியது. தான் உடுத்துவது ஒரு பயில்வானின் பெயர் என்பது உடுத்திய பலருக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பட்டத்தைத் தன் பெயரோடு நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டவர் கோவைக்காரர். சாண்டோ சின்னப்பா தேவர் 1915-ல் கோவை இராமநாதபுரத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்கநிலையோடு நின்றுபோக, பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பால் வியாபாரம், சோடாக் கடை எனப் பல தொழில்களும் பார்த்தார். உடற்பயிற்சியில் கொண்ட பற்றால் நண்பர்களோடு சேர்ந்து வீரமாருதி தேகப்பயிற்சி சாலையை நடத்தினார். அன்று கோவையில் திரைப்படத் தொழில் சுறுசுறுப்பாக இருந்தது. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இயங்கின. சண்டைக் காட்சிக்கு வாட்டசாட்டமான ஆள் தேவைப்பட்டபோது தேகப்பயிற்சி சாலைகளே அவர்களைக் கொடுத்தன. தேவரும் அவ்வழியே திரைக்குள் நுழைந்தார். ஜூபிடர் நிறுவனத்தின் ராஜகுமாரி (1947) படத்தில் எம். ஜி. ராமச்சந்திரனோடு நடித்தார். கோவைக் காலத்தில் வளர்ந்த அந்த நட்பு, 1956-ல் தேவர் பிலிம்ஸ் எடுத்த தாய்க்குப் பின் தாரம் தொடங்கிப் பல படங்களாக நீண்டது. தேவர் 1978-ல் மறைந்தார்.

தேவரின் கதையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு மாலையில் ஏன் தண்டால் எடுக்கப் போக வேண்டும்? ஆலையில் அவர் அசைவை எந்திரத்தின் வேகமும் மேஸ்திரியின் சங்கும் தீர்மானித்தன. பயிற்சி சாலையில் அவரே தீர்மானித்தார். மண் தரை, சில இரும்புக் குண்டுகள், கர்லாக்கட்டை, ஆஞ்சநேயர் படம் ஆகியவையே முதலீடு. அங்கு எடை குறைப்பு என்ற பேச்சே இல்லை. எல்லோருக்கும் வேண்டியிருந்தது எடை கூடுவது; உடம்பு தேறுவது.

கல்வி நிறுவனங்கள் வழியாகவும் உடற்பயிற்சி வந்தது. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தென்னிந்தியப் பள்ளிகளுக்கு ‘டிரில் மாஸ்டர்’களைத் தயாரித்தது. கோவைப் பகுதியில் தி. சு. அவிநாசிலிங்கம் 1930-ல் நிறுவிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் விரிந்து, பின்னர் மாருதி பெயரில் ஓர் உடற்கல்விக் கல்லூரியையும் கண்டது. இராமநாதபுரத்துப் பயிற்சி சாலையும் பெரியநாயக்கன்பாளையத்துக் கல்லூரியும் ஒரே கடவுளின் பெயரை வைத்துக்கொண்டன. இரண்டும் ஆண்களுக்கான இடங்களாகவே இருந்தன.

மோட்டார் வந்த பின்

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் இறங்கியது. அதன்பின் ஆலைகள் பெருகின. கூடவே ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் வார்ப்படக் கூடங்களும் பெருகின. 1937-ல் டெக்ஸ்டூல் நிறுவனர் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி. டி. நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினர். அதன் தொடர்ச்சியாக மோட்டார் பம்பு கோவையின் அடையாளமானது. கவலைத் தடத்தில் மாடு ஏறி இறங்குவது சில பத்தாண்டுகளில் நின்றது. ஒரு விசையைத் தட்டினால் தண்ணீர் வந்தது.

அடுத்தது அடுக்களை. 1955-ல் பி. சபாபதி கோவையில் மின்சார கிரைண்டரை உருவாக்கினார். முதலில் உணவகங்களுக்குப் போன அது, பிறகு அளவில் சுருங்கி வீடுகளுக்குள் நுழைந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆட்டாங்கல் கொல்லைப்புறத்துக்குப் போய், பின் செடித்தொட்டிக்கு அடிக்கல்லானது. இதற்காக எந்தப் பெண்ணும் வருந்தியதாகத் தெரியவில்லை, வருந்த வேண்டியதும் இல்லை. மாவாட்டும் நேரம் மிச்சமாகிப் பெண்கள் படிக்கவும் வேலைக்குப் போகவும் கிடைத்த இடைவெளியில் அந்தக் கிரைண்டருக்கும் பங்குண்டு.

ஆனால் உடல் இன்னொரு கணக்கை வைத்திருந்தது. அசைவு குறைந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஆண்டுகளில்தான் அறிவியல் தெளிவாகப் பார்த்தது. 1953-ல் ஜெரமி மோரிஸ் குழுவினர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தனர். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு; வந்தாலும் கடுமை குறைவு. பின்னர் மோரிஸே சீருடைப் பதிவேடுகளைப் பார்த்து, ஓட்டுநர்களுக்கு வேலையில் சேர்ந்த இளவயதிலேயே இடுப்பளவு கூடுதல் என்றும் கண்டார். ஆகவே வேறுபாடு முழுவதையும் படிகளின் கணக்கில் எழுத முடியாது.

இந்தியாவுக்கு, குறிப்பாக ஆலை நகரங்களுக்கு, நெருங்கிய ஆய்வு 1956-ல் வந்தது. ஜீன் மேயர் குழுவினர் கல்கத்தாவுக்கு அருகே ஒரு சணல் ஆலையில் 213 ஆண்களின் வேலை, உணவு, எடை மூன்றையும் ஒப்பிட்டனர். கடினமாக உழைத்தவர்கள் உழைப்புக்கேற்ப உண்டார்கள், எடை கூடவில்லை. ஆனால் உட்கார்ந்தே வேலை பார்த்த எழுத்தர்களும் கடைக்காரர்களும் குறைவாக உண்ணவில்லை. சுமை தூக்கியவர்கள் அளவுக்கே உண்டார்கள். எடையும் அவர்களுக்கே மிகுந்திருந்தது. ஒரு எல்லைக்குக் கீழே அசைவு குறைந்துபோனால் பசி அதற்கேற்பக் குறைவதில்லை என்பது இதிலிருந்து பெறப்பட்டது. மோட்டாரும் கிரைண்டரும் ஸ்கூட்டரும் வந்த கொங்கு வீடுகள் அந்த எல்லைக்குள்தான் மெல்ல நுழைந்துகொண்டிருந்தன. கம்பும் சோளமும் ராகிக் களியும் குறைந்து மூன்று வேளையும் அரிசியும், மாலையில் பேக்கரியும் என்று உணவும் கூடவே மாறியது.

விளைவை இப்போதைய எண்கள் சொல்கின்றன. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. நகரங்களில் இது 65 விழுக்காடு, கிராமங்களிலும் 50. ஓய்வு நேரத்தில் விளையாட்டாகவோ பயிற்சியாகவோ உடலை அசைப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அதே ஆய்வுத் தொடரின் 2023 அறிக்கை, நாட்டில் சர்க்கரை நோய் உள்ளோர் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக மதிப்பிட்டது. தெற்காசியர்களுக்கு ஒல்லியான கைகால்களோடு வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு. அதனால்தான் இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. மேல் போகக் கூடாது என்றும் மருத்துவர்கள் வரையறுத்துள்ளனர்.

இயந்திரம் பிறந்த விதம்

கையும் காலும் சேர்ந்து இயங்கும் பயிற்சிக் கருவி புதிய எண்ணமன்று. 1796-ல் லண்டனில் பிரான்சிஸ் லவுண்டஸ் என்பவர் ஜிம்னாஸ்டிக்கான் என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கால்களுக்கு மிதி, கைகளுக்குச் சுழற்றி. நோயாளிகளும் உட்கார்ந்தே தொழில் செய்வோரும் பயன்படுத்தலாம் என்பது அவர் வாதம். 1865-ல் குஸ்டாவ் சாண்டர் ஸ்டாக்ஹோமில் இயந்திரங்களால் சிகிச்சை தரும் நிலையத்தைத் தொடங்கினார். நூறாண்டு கழித்து 1968-ல் கென்னத் கூப்பரின் ஏரோபிக்ஸ் நூல் வந்து, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஓட்டமே மருந்து என்ற எண்ணம் அமெரிக்காவில் பரவியது. ஓடியவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் முழங்கால் வலி வந்தது.

ஓட்டம் போன்ற அசைவு, ஆனால் தரையில் மோதாத பாதம் என்ற தேவை இப்படி எழுந்தது. 1990களில் லாரி மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர், தன் மகள் ஓடுவதை அருகே காரில் சென்றபடி படமெடுத்து, பாதம் காற்றில் வரையும் பாதையைக் கவனித்ததாகச் சொல்லப்படுகிறது. அது வட்டமன்று; ஒரு நீண்ட, சாய்ந்த வளையம். அதை ஒட்டிய வடிவமைப்பைப் பிரிகோர் நிறுவனம் 1995-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

உள்ளே இருப்பவை எளியவை. மிதிகள் ஒரு கிராங்கைச் சுழற்றுகின்றன. கிராங்க், பெல்ட் வழியாகக் கனமான சுழல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்துக்கு அருகே ஒரு காந்தத்தை நெருக்கினால் தொடாமலே தடை உண்டாகிறது. தடையைக் கூட்டுவது என்றால் காந்தத்தை நெருக்குவது, அவ்வளவே. வார்ப்படமும் மோட்டாரும் தெரிந்த கோவைப் பட்டறைக்காரர் ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் அவருக்கு வியப்பளிக்கும் பொருள் எதுவும் உள்ளே இல்லை. ஆயினும் வீடுகளுக்கு விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி சீனாவிலும் தைவானிலும் செய்யப்பட்டவை.

எடைக் கணக்கு

எலிப்டிகலின் உண்மையான சிறப்பு மூட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. எலிப்டிகலில் பாதம் மிதியை விட்டு எழுவதே இல்லை என்பதால் அந்த மோதல் இல்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், எடை மிகுந்தவர்கள், நெடுநாள் உடலசைவே இல்லாதவர்கள் ஆகியோருக்கு இது நல்ல தொடக்கம். மோதல் இல்லாததால் எலும்புக்குக் கிடைக்கும் தூண்டுதலும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் வாரம் இரு நாள் எடை தூக்கும் பயிற்சியும் தேவைப்படுகிறது.

எடை குறைப்பில் விளம்பரங்கள் சொல்வதற்கும் நடப்பதற்கும் இடைவெளி அதிகம். மிதமான வேகத்தில் எலிப்டிகல் செய்பவர் ஓய்வாக இருப்பதைப் போல ஏறத்தாழ 5 மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறார். 70 கிலோ எடையுள்ளவருக்கு அரை மணி நேரத்தில் இது 175 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த அரை மணியில் 35 கலோரி செலவாகியிருக்கும். ஆகவே பயிற்சியின் நிகர வரவு 140. வாரத்தில் 5 நாள் செய்தால் 700. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதாகக் கொண்டால், உணவு துளியும் கூடாமல் இருந்தால், ஒரு கிலோ குறைய 11 வாரம் ஆகும். பயிற்சி முடித்து வரும் வழியில் பேக்கரியில் ஒரு பப்ஸும் சர்க்கரை போட்ட தேநீரும் சாப்பிட்டால் அன்றைய வரவு முழுவதும் போய்விடும். இயந்திரத்தின் திரையில் தெரியும் கலோரி எண் பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதால், அதை நம்பி உண்பவர் ஏமாறுவார்.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் மூன்றாம் மாதம் இயந்திரத்தைக் கைவிடுகிறார்கள். பிறகு அது துணி காயப்போடும் கொடியாகிறது. அவர்கள் தவறான எண்ணைப் பார்த்து முடிவெடுத்தவர்கள். எடை குறைவதற்கு முன்பே வேறு பல மாற்றங்கள் நடந்துவிடுகின்றன. பயிற்சி செய்த தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எளிதாக இழுத்துக்கொள்கிறது; அந்த விளைவு ஓரிரு நாள் நீடிக்கிறது. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடக் கூடாது என்கிறார்கள். இரத்த அழுத்தம் இறங்குகிறது. எடை எந்திரத்தின் முள் அசையாதபோதும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறையக்கூடும். குறைத்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதிலும் பயிற்சிக்குப் பெரும் பங்குண்டு. எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டில் நடப்பது. உடல்நலம் கூடுவது இயந்திரத்தின் மேலும் நடப்பது.

செய்யும் முறையிலும் சில பிழைகள் வழக்கமானவை. தடையே வைக்காமல் வேகமாகச் சுழற்றினால் சக்கரம்தான் காலை இழுத்துச் செல்கிறது, உழைப்பது இயந்திரமாகிவிடும். கைப்பிடியில் உடலைச் சாய்த்துத் தொங்கினால் கால்களின் பளு குறைகிறது. நிமிர்ந்து நின்று, குதிகால் மிதியில் படிய, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கச் செய்வதே மிதமான வேகம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். நெஞ்சுவலி, இதயநோய் உள்ளவர்களும், சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

கூடமும் தெருவும்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட தமிழக உடற்பயிற்சிக் கூடங்கள் ஆகஸ்டில்தான் திறந்தன. வீட்டுக்குள் இயந்திரம் வாங்கும் பழக்கத்துக்கு அந்த மாதங்கள் வேகம் கொடுத்தன. குறிப்பாகப் பெண்களுக்கு வீட்டு இயந்திரம் ஒரு வசதி. தேகப்பயிற்சி சாலைகளின் காலத்தில் அவர்களுக்குக் கதவே இருக்கவில்லை. இன்றைய கூடங்களில் கதவு உண்டு. ஆனால் கட்டணம், நேரம், உடை, பார்வைகள் என்று தடைகள் பலருக்கும் இருக்கின்றன. விடியற்காலையில் இருபது நிமிடம், அடுப்பில் வேலை தொடங்கும் முன், யாரிடமும் சொல்லாமல் செய்து முடிக்கலாம் என்பது சிறிய விஷயமன்று.

விலை கொடுக்க முடியாதவர்களுக்குத் தெரு இருக்கிறது. கோவையின் ரேஸ்கோர்ஸ் சாலையைச் சுற்றியுள்ள நடைபாதையில் காலையும் மாலையும் நூற்றுக்கணக்கானோர் நடக்கிறார்கள். வ.உ.சி. பெயரில் அமைந்த பூங்காவின் மைதானத்திலும் நடக்கிறார்கள். அவர் செக்கிழுத்த சிறை அங்கிருந்து அதிக தூரமில்லை. 2013 முதல் கோவை மாரத்தானும் நடந்து வருகிறது.

இவற்றுக்கெல்லாம் வெளியே, யாரும் உடற்பயிற்சி என்று பெயர் சொல்லாத ஒன்றும் கொங்கு ஊர்களில் மீண்டும் உயிர் பெற்றிருக்கிறது. வள்ளி கும்மியும் ஒயிலும் கால் மாற்றி அடிவைத்து, குனிந்து நிமிர்ந்து, கைதட்டிச் சுற்றி வரும் ஆட்டங்கள். ஒரு முழு வள்ளி கதை ஆடி முடிய மணிக்கணக்காகும். கையும் காலும் சேர்ந்து இயங்குகின்றன, மூச்சு வாங்குகிறது, எண்ணிக்கையைப் பாட்டே வைத்துக்கொள்கிறது. கோயில் திடல்களிலும் பள்ளி மைதானங்களிலும் மாலை நேரங்களில் பயிற்சி நடக்கிறது. பேரப்பிள்ளையோடு பாட்டியும் ஒரே வரிசையில் நிற்கிறார். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்த ஆட்டத்தில் பெண்களையும் சேர்த்துப் பயிற்றுவித்தவர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த ஆசிரியர் பத்திரப்பன். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 87.